மழைக்காலமும் குழந்தைகளின் சளியும்

(போபோடியில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் குழந்தை நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் ஜலதோஷம். எதிர்ப்புச் சக்தி இல்லையோ, டாக்டர்?" என்று கேட்காத பெற்றோரே இல்லை. கவலை வேண்டாம். சிறு குழந்தைக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டு முறை ஜலதோஷம் வருவது சகஜம். அதை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல். நடுவில் குழந்தை நன்றாக விளையாடி, எடையும் கூடி வந்தால் போதும். வயது ஏற ஏறக் குறைந்துவிடும்.

ஃப்ளூ காய்ச்சல் வேறு. திடீரென்று கடும் ஜுரம், உடல்வலி என்று ஆளைச் சாய்த்துவிடும். அதற்கு ஊருக்கு ஊர் ஒரு பருவம் உண்டு. சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு, ஐப்பசி, கார்த்திகையில் வரும். நம் புனேயிலோ தென்மேற்குப் பருவமழையோடு, ஆடி, ஆவணியில் உச்சம். பள்ளிகளும் ஜூன் மத்தியில்தான் திறக்கின்றன. மழைக்கு ஜன்னலை அடைத்த வகுப்பறையில் ஒரு குழந்தை தும்மினால் போதாதா? இந்தியாவில் பன்றிக் காய்ச்சலால் முதல் மரணம் 2009 ஆகஸ்டில் இந்தப் புனேயில்தான் நிகழ்ந்தது. இறந்தது ஒரு பள்ளி மாணவி.

ஆகவே ஃப்ளூ தடுப்பூசியை இங்கே சித்திரையிலேயே போட்டுவிடுங்கள். பலன் தர இரண்டு வாரம் ஆகும். ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் வருஷம் மட்டும் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. பிறகு வருஷத்துக்கு ஒன்று. ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குப் போட முடியாது. அதனால் வீட்டிலுள்ள பெரியவர்கள் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து, மருந்து. சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும் அதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. போன தடவை மீந்த பாட்டிலைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண் இதற்கு விலக்கு. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் அதிகம். கவனிக்காவிட்டால் ருமாட்டிக் ஜுரமாகி இதய வால்வையே கெடுக்கும். அதற்கு டாக்டர் தரும் மருந்தை, சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

இருமல் சிரப்பா? 2025இல் மத்தியப் பிரதேசத்தில், நச்சுப்பொருள் கலந்த சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி மாண்டனர். அந்தச் சிரப் நம் தமிழ்நாட்டில் தயாரானது. இரண்டு வயதுக்குள் இருமல் சிரப் கூடாது. ஐந்து வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை என்பது மத்திய அரசின் அறிவுரை.

பாட்டிமார்கள் கோபிக்க வேண்டாம். இளஞ்சூடான ரசம், ஒரு வயதுக்கு மேல் ஒரு ஸ்பூன் தேன், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, எல்லாம் நல்லதே. ஆனால் ஒரு வயதுக்குள் உரைமருந்தைக்கூடத் தேனில் குழைக்காதீர்கள். தேனிலுள்ள கிருமி சிசுவுக்கு ஆபத்து. கொதிக்கும் பாத்திரத்தின் முன் ஆவி பிடிக்க வைத்துச் சுட்டுக்கொண்ட குழந்தைகள் பலர்.

கடைசியாக, கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணப் பழகுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதை எட்டினாலோ, மூச்சிழுக்கையில் விலா கீழே குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, இரவு என்று பாராமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அது சளியல்ல, நிமோனியாவாக இருக்கலாம்.

குழந்தைகள் யாவரும் தீர்க்காயுசுடன் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.