மைதானத்தில் ஒரு மேடைப் பாட்டு

லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு பந்தோடு நிற்காது; பாட்டுக்குப் போகும், அரசியலுக்கும் போகும்.

ஆட்டத்துக்கு முன்னால் கழுத்துத் துண்டைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்து லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானமே பாடுகிறதே, 'யூ'ல் நெவர் வாக் அலோன்', அதில் கால்பந்து வாடையே கிடையாது. 1945-இல் வந்த 'கரோசல்' என்ற அமெரிக்க இசைநாடகத்துப் பாட்டு அது. 1963-இல் லிவர்பூல் இசைக்குழு ஒன்று பாட, கேலரி பிடித்துக்கொண்டது.

அரசியல்? 1989-இல் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிர்கள் போயின. பழியைத் தூக்கி ரசிகர்கள் தலையிலேயே போட்டது 'தி சன்' நாளிதழ். ரசிகர்கள் மேல் தப்பில்லை என்று மரண விசாரணை சொல்ல 2016 ஆகிவிட்டது, பாருங்கள்! பத்திரிகை 2012-இலேயே மன்னிப்புக் கேட்டுப் பார்த்தது. ஆனாலும் லிவர்பூலில் பல கடைக்காரர்கள் அந்தப் பேப்பரை இன்னும் விற்பதில்லை.