எஸ்தரின் முப்பது நாள்

பைபிளில் வரும் எஸ்தரை வைத்து நாவல் எழுத உட்காருகிறவருக்கு மூலநூல் தருவது பத்தே அதிகாரம். சூசான் அரண்மனை, 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு ராஜா, தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்து ராணியான யூதப் பெண். எபிரேய மூலத்தில் கடவுளின் பெயரே கிடையாது. எஸ்தரின் மனசுக்குள் என்ன ஓடியது என்பதும் அநேகமாகக் கிடையாது.

இந்த மௌனம் பழைய காலத்திலேயே சிலரை உறுத்தியிருக்கிறது. கிரேக்கப் பிரதியில் அவளுக்கு ஒரு நீண்ட ஜெபத்தைச் சேர்த்தார்கள்; ராஜா முன்னால் மயங்கி விழவும் வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அர்தெமீசியா ஜென்டிலெஸ்கி வரைந்ததும் அந்த மயக்கத்தைத்தான். எபிரேயத்தில் அவள் விழுவதில்லை, நிற்கிறாள். என் ஓட்டு அதற்கே.

அகாஸ்வேருவைப் பாரசீக மன்னன் முதலாம் செர்க்செஸ் என்று பலர் கொள்கிறார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸோ அவன் மனைவியை அமெஸ்த்ரிஸ் என்கிறார். ஆக, அட்டையில் ‘வரலாற்று நாவல்’ என்று போட கொஞ்சம் துணிச்சல் வேண்டும்! களம் மட்டும் நிஜம். சூசான் என்கிற சூசாவில் தோண்டியெடுத்த வண்ணச் செங்கல் வில்லாளிகள் இன்றும் பாரீசின் லூவரில் நிற்கிறார்கள்.

நாவலாசிரியர்களுக்குப் பிடித்தது அந்தப்புரம். ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் வாசனைத் திரவியம். எழுத எழுத மணக்கும். அதிலேயே வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, யூதரை அழிக்க மந்திரி ஆமான் நாள் குறித்துவிட, ராஜாவிடம் போய்ப் பேசு என்று அவளை வளர்த்த மொர்தெகாய் சொல்லியனுப்பும்போது அவள் தரும் பதில். கூப்பிடாமல் உள்முற்றத்தில் கால் வைத்தால் சாவு. ராஜா பொற்செங்கோலை நீட்டினால்தான் உயிர். தன்னையோ முப்பது நாளாகக் கூப்பிடவில்லை என்கிறாள். ராணிதான், ஆனால் ஒரு மாதமாக ஆள் வரவில்லை. தோழிகள் பார்க்கும் பார்வை, வாசலில் கேட்கும் ஒவ்வொரு காலடிச் சத்தம்... இதை ஒரு முழு அத்தியாயமாக எழுதலாமே!

ஆமானைத் தூக்கில் போட்டதும் கதையை முடித்துக்கொள்கிறவர்களை என்னால் மெச்ச முடியவில்லை. ஒன்பதாம் அதிகாரம் இருக்கிறது. யூதரை அழிக்கக் குறித்த நாளில், அவர்கள் எதிர்த்து நின்று சூசான் அரண்மனையில் மட்டும் 500 பேரைக் கொல்கிறார்கள். இன்னும் என்ன வேண்டும் என்கிறான் ராஜா. நாளைக்கும் ஒரு நாள் வேண்டும் என்கிறாள் எஸ்தர். மறுநாள் மேலும் 300 பேர். மயங்கி விழுந்த எஸ்தரின் வாயில் இந்தப் பேச்சு ஒட்டாது. நின்றவள் கேட்டிருப்பாள். கேட்டபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று காட்டும் நாவல் கிடைத்தால், விடிய விடிய உட்கார்ந்து படிப்பேன்.