எயிற்பட்டினக் கரையில்
(குற்றாலத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இக் குற்றாலத்து அருவியாட வருவோர் பல்லாயிரவர். மரக்காணத்திற்கு வடக்கே, கடப்பாக்கத்துக் கடலோரம் சிதைந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையைக் காணச் செல்வோர் மிகச் சிலர். செல்வோரும் அறிந்து மீள்வது யாது? முகலாயர் காலத்தது, 1750-இல் பிரெஞ்சியர் தூப்ளே பெற்றார், 1760-இல் ஆங்கிலர் கைப்பற்றி இடித்தனர், 2004-இல் ஆழிப்பேரலை எஞ்சியதையும் சிதைத்தது. அவ்வளவே!

அம்மண்ணின் பெயரோ இடைக்கழிநாடு! சிறுபாணாற்றுப்படை யாத்த நத்தத்தனார் இடைக்கழி நாட்டு நல்லூரினர். அந்நூல் சுட்டும் எயிற்பட்டினம் மரக்காணப் பகுதியே என்பர் ஆய்வோர். எயில் என்பது மதில். செங்கல்லும் சுண்ணமும் கொண்டு அயலாட்சியர் அங்கே கோட்டை எழுப்புதற்குப் பன்னூறாண்டு முன்னரே, மதிலால் பெயர்பெற்ற பட்டினம் தமிழர்க்கு இருந்தது. நம் பிள்ளைகட்குத் தூப்ளேயைத் தெரிகிறது, நத்தத்தனாரைத் தெரியவில்லை. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்காள், இடிந்த சுவரைக் காட்டுமுன் அவ்வூரின் பெயரைச் சொல்லுங்கள்!