தோல் குழியும் தராசும் – தோழர் டீட்ஸ்கன் வாழ்க்கை



"தத்துவமா? அது காலேஜில் படித்தவர்கள் சமாசாரம். நமக்கு வேண்டியது கூலி உயர்வும் போனசும்தான்" என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆலை வாசலிலும் கேட்டிருக்கிறோம், களத்து மேட்டிலும் கேட்டிருக்கிறோம். நாள் முழுவதும் தறியோடு நின்றவனும், சேற்றில் குனிந்து நாற்று நட்டவளும் அப்படிச் சொன்னால் நாம் கோபிக்க முடியாது. ஆகவே வாதம் செய்யப் போவதில்லை. ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

அந்த மனிதர் தோல் பதனிட்டார். கிராமத்தில் மளிகைக் கடை வைத்துத் தராசு பிடித்தார். ரொட்டி சுட்டு விற்றார். 1872-ல் ஹேக் நகரில் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் மாநாடு கூடியபோது, இவர்தான் நம் தத்துவ ஞானி என்று அவரை அறிமுகப்படுத்தியவர் காரல் மார்க்ஸ். அவர் பெயர் ஜோசப் டீட்ஸ்கன்.

1828 டிசம்பர் 9-ல் ஜெர்மனியில் ரைன் பிரதேசத்தைச் சேர்ந்த பிளாங்கன்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனாருக்குத் தோல் பதனிடும் பட்டறை. பையனைக் கொலோன் நகரப் பள்ளிக்குச் சில மாதம் அனுப்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் பெரிய படிப்பு. பிறகு பட்டறைதான் பள்ளிக்கூடம்.

அது என்ன வேலை என்று திண்டுக்கல், வாணியம்பாடித் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப் போட வேண்டும். மயிரை நீக்க வேண்டும், ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்ட வேண்டும். பிறகு பட்டைச் சாற்றுக் குழியில் மாதக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். இங்கே ஆவாரம்பட்டை, அங்கே ஓக் மரப்பட்டை. நாற்றம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்த நாற்றத்தின் நடுவே, பக்கத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே டீட்ஸ்கன் வேலை செய்தார். பிரெஞ்சுப் பாஷை கற்றார், பொருளாதார நூல்களைப் படித்தார்.

1848-ல் புரட்சி வந்தது. இருபது வயதுகூட நிரம்பாத டீட்ஸ்கன் கிராமத்துத் தெருவில் ஒரு நாற்காலி மீது ஏறி நின்று விவசாயிகளிடம் பிரசங்கம் செய்தார். புரட்சி தோற்றது. 1849-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். இரண்டு வருஷம் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, பெரும்பாலும் கால்நடையாகவே அந்த நாட்டைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார்.

1853-ல் கல்யாணம். அதே வருஷம் வின்டர்ஷைட் என்ற கிராமத்தில் மளிகைக் கடை திறந்தார். கடையோடு ரொட்டி அடுப்பும் தோல் பட்டறையும் உண்டு. பக்கத்து ஊரில் ஒரு கிளைக் கடையும் வைத்தார். பணம் சேர்க்கவா? இல்லை. பாதி நாள் வியாபாரம், மீதிப் பொழுது படிப்பு என்று வகுத்துக் கொண்டார்.

"கடைக்காரர் என்றால் சிறு முதலாளிதானே?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டறையும் கடையும் அவருக்குச் சொந்தம்தான். ஆனால் அந்தச் சொத்து அவரைக் காப்பாற்றவில்லை. எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1859-ல் மறுபடியும் அமெரிக்கா. தென் பகுதியில் மான்ட்கோமரி நகரில் கடை வைத்தார். நீக்ரோ மக்களைச் சந்தையில் நிறுத்தி விலை பேசிய ஊர் அது. 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமை முதலாளிகளை எதிர்த்தவர்களுக்கு அங்கே தூக்குக் கயிறுதான் காத்திருந்தது. டீட்ஸ்கன் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1864-ல் ரஷ்ய சர்க்காரின் தோல் ஆலை ஒன்றை நடத்தும் வேலை கிடைத்து பீட்டர்ஸ்பர்க் போனார்.

அங்கேதான் மார்க்ஸின் 'மூலதனம்' அவர் கைக்கு வந்தது. நூல் வெளிவந்த 1867-ம் வருஷமே மார்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அங்கேயே சொந்தமாக ஒரு நூலும் எழுதினார். 1869-ல் அது அச்சேறியது. பெயர்: 'மனித மூளை உழைப்பின் தன்மை'. எழுதியவர் யார் என்பதற்கு, ஒரு கைத்தொழிலாளி என்று அட்டையிலேயே போட்டுக் கொண்டார்!

தோழர்களே, அந்தப் பெயரைக் கவனியுங்கள். சிந்தனை என்பது வானத்திலிருந்து இறங்கும் அருள் அல்ல, அதுவும் ஓர் உழைப்பு என்கிறார். கைக்குத் தோல் வேண்டும், தறிக்குப் பஞ்சு வேண்டும். அதுபோல மூளைக்கும் கச்சாப் பொருள் வேண்டும். கண்டது, கேட்டது, பட்டது எல்லாம் அந்தக் கச்சாப் பொருள்.

மூளை செய்யும் வேலை என்ன? நம் பாஷையில் சொல்லிப் பார்ப்போம். மில்லில் ஒருவருக்கு மாதச் சம்பளம், இன்னொருவருக்குப் பீஸ் ரேட். கழனியில் அறுவடைக்கு நெல் அளக்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் வேறு வேறு. ஆனால் எல்லாவற்றிலும் உழைப்புச் சக்தியை விற்றுத்தான் வயிறு கழுவுகிறோம். வேறுபட்டவற்றிலிருந்து பொதுவானதைப் பிரித்தெடுக்கிறோமே, அதுதான் மூளையின் வேலை. பச்சைத் தோலிலிருந்து சதையைச் சுரண்டி எடுப்பது போல!

நன்மை, தீமை பற்றியும் அவர் இப்படித்தான் யோசித்தார். நாற்றங்காலுக்கு மழை நல்லது. களத்தில் நெல் கிடக்கும்போது அதே மழை கெடுதல். எது நன்மை என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. யாருக்கு, எப்போது என்று கேட்க வேண்டும். "ஒழுங்கும் அமைதியும் கெடுகிறது" என்று மிராசுதார் கூவும்போது, யாருடைய ஒழுங்கு என்று திருப்பிக் கேட்கிறோம் அல்லவா? அப்போது நாமும் தத்துவம்தான் பேசுகிறோம்.

கையெழுத்துப் பிரதியைப் படித்த மார்க்ஸ் வெறும் புகழ் மாலை சூட்டவில்லை. குழப்பம் இருக்கிறது, சொன்னதையே திரும்பச் சொல்கிறார், ஹெகலைப் படிக்காமல் போனது குறை என்றெல்லாம் தயங்காமல் சொன்னார். அதே சமயம், ஒரு தொழிலாளி சுயமாகச் சிந்தித்துப் படைத்தது என்ற முறையில் அது வியக்கத்தக்கது என்றும் சொன்னார். 1869-ல் தம் மகளுடன் ஸீக்பர்க் சென்று டீட்ஸ்கனை அவர் வீட்டிலேயே கண்டார். இயக்கவியல் முறையை எங்களையும் ஹெகலையும் சாராமல் இந்தத் தொழிலாளி தாமே கண்டறிந்தார் என்று பின்னாளில் ஏங்கெல்ஸ் எழுதினார். 1913-ல், டீட்ஸ்கன் காலமாகி 25 வருஷம் ஆனபோது, லெனின் 'பிராவ்தா'வில் கட்டுரை எழுதினார். அவரும் குறைகளை மறைக்கவில்லை. ஆனால் தொழிலாளர்கள் அவரைப் படிக்க வேண்டும் என்றார்.

இனி சொத்தின் கதை. ஸீக்பர்க்கில் அவருக்கு ஒரு தோல் பட்டறை வந்து சேர்ந்தது. ஆனால் பெரிய ஆலைகளின் சரக்குக்கு முன்னால் கைப்பட்டறை எத்தனை நாள் நிற்கும்? வருஷத்துக்கு வருஷம் நொடித்தது. கைத்தறி நெசவாளித் தோழர்களுக்கு இது புதுக் கதை அல்ல. 1878-ல் சக்கரவர்த்தியைச் சுட முயன்றார்கள் என்ற சாக்கில் சோஷலிஸ்டுகளை வேட்டையாடினார்கள். கொலோனில் செய்த ஒரு பிரசங்கத்துக்காக டீட்ஸ்கனையும் ஜெயிலில் தள்ளினார்கள். வழக்கு நிற்கவில்லை, விடுதலையானார்.

1884-ல், ஐம்பத்தைந்து வயதில், மூன்றாம் முறையாக அமெரிக்கா போனார். நியூயார்க்கில் சோஷலிஸ்டுப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். பிறகு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்.

1886 மே. எட்டு மணி நேர வேலைக்கான மாபெரும் வேலை நிறுத்தம். மே 4-ல் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. போலீஸ் பாய்ந்தது. ஜெர்மன் தொழிலாளர் பத்திரிகையான 'ஆர்பைட்டர் ஸைட்டுங்'கின் ஆசிரியர் ஸ்பைஸையும் அவருடைய சகாக்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நகரமே நடுங்கியது. நேற்று வரை தோழர் என்று அழைத்தவர்கள் பலர் விலகி நின்றார்கள்.

டீட்ஸ்கன் அராஜகவாதி அல்ல. அந்த ஸ்பைஸ் முன்பு டீட்ஸ்கனைத் தாக்கி எழுதியவர்கூட! ஆனாலும் இவர் தாமாகவே முன்வந்து, காலியாகக் கிடந்த ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். அராஜகவாதிக்கும் சோஷலிஸ்டுக்கும் உள்ள பேதம் பெரிதல்ல என்றும் அப்போது எழுதினார். அது சரியல்ல என்பதே நம் கருத்து. ஆனால் கிழவர் அன்று யார் பக்கம் போய் நின்றார் என்பதை மறக்க முடியுமா?

1887 நவம்பர் 11-ல் ஸ்பைஸ், பார்சன்ஸ், பிஷர், எங்கல் ஆகிய நால்வரைத் தூக்கிலிட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து, 1888 ஏப்ரல் 15-ல், டீட்ஸ்கன் பூங்காவில் உலாவிவிட்டு வீடு வந்தார். வந்திருந்தவரோடு பேச்சு சூடு பிடித்தது. முதலாளித்துவ உற்பத்தி எப்படிச் சரியப்போகிறது என்று கையை உயர்த்தி விளக்கிக் கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் இருதயம் நின்றது. வயது 59. இரண்டு நாள் கழித்து வால்டைம் மயானத்தில், தூக்கிலிடப்பட்ட அந்தத் தோழர்களின் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள்.