அஞ்சினான் புகலிடம்
(கோவையில் நடைபெற்ற அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)



இன்று ஆதிபகவன் கருப்பஞ்சாறு ஏற்ற நன்னாள். துறவு பூண்ட விருஷபதேவர் பல மாதங்கள் ஊர் ஊராக நடந்தார். மக்கள் அவர்மீது பேரன்பு கொண்டிருந்தனர். பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொணர்ந்து அவர் முன் வைத்தனர். அவருக்கு வேண்டியிருந்ததோ குவித்த கைகளில் ஒரு வேளை உணவு. அதனை முறையறிந்து வழங்க அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் வரும்வரை ஒருவரும் இல்லை. மக்களிடம் அன்பு குறையவில்லை. எதிரில் நிற்பவருக்கு எது தேவை என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. கல்லூரி வளாகங்களில் நம் பிள்ளைகள் கூடி வாழும் முறையைப் பற்றிப் பேச எண்ணியபோது, இந்த வரலாறே என் நினைவுக்கு வந்தது.

கொங்கு நாட்டுக் கல்லூரிகளில் இன்று பயில்வோர் யார் யார் என்று பாருங்கள். சோமனூர், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிக் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வருவோர். நீலகிரி, ஆனைமலைப் பழங்குடியினரின் பிள்ளைகள். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை நம்பி வடமாநிலங்களிலிருந்து வந்தோரின் மக்கள். பார்வைக் குறைபாடும் செவித்திறன் குறைபாடும் உடையோர். இவர்களோடு, வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களின் நம் சிற்றூர்களிலிருந்து பெட்டியுடன் வந்திறங்கும் சமணப் பிள்ளைகளும் உள்ளனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. இவற்றால் கல்லூரி வாயில் அகலத் திறந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழைந்தவருக்கு உட்கார இடம் இருக்கிறதா?

கல்லூரிப் பொங்கல் விழாவையே எடுத்துக்கொள்வோம். வளாகமெங்கும் கரும்பும் தோரணமும். வள்ளிக் கும்மியும் பறையும் முழங்குகின்றன. படம் எடுத்துப் பார்த்தால் எல்லாரும் இருப்பது போலத் தோன்றும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பங்குப்பணம் கேட்ட அன்றே, ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்லி ஒதுங்கிய மாணவன் அந்தப் படத்தில் இல்லை. புதுப் பட்டுப்பாவாடை இல்லாத மாணவி அறையிலேயே இருந்துவிட்டாள். மேடை மாடியில் அமைந்ததால் சக்கர நாற்காலியில் வரும் மாணவர் கீழேயே நின்றுவிட்டார். எவரும் இவர்களை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயினும் இவர்கள் வரவில்லை. ஒரு விழா எல்லார்க்குமானதா என்பதை வந்தவர்களை எண்ணி அறிய முடியாது. வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டால்தான் அறிய முடியும்.

இந்த நிலையை விளங்கிக்கொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான் அறிந்த ஒரு விடுதியில் இரவு உணவு ஏழரை மணிக்குத்தான் தொடங்கும். பொழுது சாய்ந்தபின் உண்ணாத நம் வீட்டுப் பெண் ஒருத்தி, மாலையில் ரொட்டியும் வாழைப்பழமும் உண்டே ஒரு பருவம் முழுவதையும் கழித்தாள். சலுகை கேட்பவள் என்ற பெயர் வந்துவிடும் என்று அஞ்சி அவள் யாரிடமும் கேட்கவில்லை. அவளுக்கு எதிர் அறையில் செவித்திறன் குறைந்த ஒரு மாணவி இருந்தாள். வகுப்பில் முன்வரிசையில் இடம் கேட்க அவளும் அதே காரணத்தால் அஞ்சினாள். இருவரும் தற்செயலாகப் பேசிக்கொண்டபோதுதான் தங்கள் இருவர் அச்சமும் ஒன்றே என்று உணர்ந்தனர். பிறகு இருவரும் சேர்ந்தே காப்பாளரிடம் சென்றனர். மாலை ஐந்தரை மணிக்கு ஒரு பாத்திரம் உணவை எடுத்துவைப்பதில் சமையற்கூடத்துக்கு எவ்விதச் சிரமமும் ஏற்படவில்லை. நமக்கு ஒரு சிறு விட்டுக்கொடுத்தல் தேவைப்படுகிறது என்பதனால்தான், பிறர்க்கு வேண்டிய விட்டுக்கொடுத்தலை நாம் மற்றவரினும் விரைந்து உணரக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சமவசரணத்தை நாம் மறந்துவிட்டோமா? பகவானின் அந்த அறப்பேரவையில் பன்னிரு கோட்டங்கள். தேவரும் மனிதரும் மட்டுமன்றி விலங்கினங்களும் அங்கே தமக்குரிய இடத்தில் அமர்ந்தன. திவ்விய ஒலி ஒன்றே. கேட்டவர் ஒவ்வொருவரும் அதனைத் தத்தம் மொழியில் உணர்ந்தனர். கேட்பவரின் மொழிக்கு உரை இறங்கி வந்தது. எல்லாரையும் அரவணைக்கும் விழாவுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இலக்கணம் என்றதும் இந்த மண்ணுக்குரிய பவணந்தி முனிவரை நினையாதிருக்க இயலாது. பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தை அவரது ஊராகப் போற்றுகிறோம். சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் கொண்டுள்ள விசயமங்கலமும் அவ்வட்டாரமே. இன்று அப்பகுதியில் பொறியியற் கல்லூரிகளின் பேருந்துகள் ஓயாமல் செல்கின்றன. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் முனிவர், நூல் கற்பிக்கத் தகாதவர் யார் என்று ஒரு பட்டியல் தருகிறார். செருக்குடையோர், சினமுடையோர், திருடர் ஆகியோரோடு நோயாளியும், நூலைக் கண்டு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தவனும் அதில் இடம்பெறுகின்றனர். ஓர் ஆசிரியர் தம் வீட்டில் சிலரையே வைத்துக் கற்பித்த காலத்து வரையறை அது. இன்றைய கல்லூரி அவ்வாறு கூற இயலாது, கூறவும் கூடாது. அஞ்சித் தடுமாறுபவனை என்ன செய்வது என்பதற்கு நன்னூலில் கிடைக்காத விடை, அதே முனிவர் கடைப்பிடித்த சமயத்தில் இருக்கிறது.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று ஸ்திதிகரணம். அதாவது தளர்ந்தவரை நிலைநிறுத்துதல். வாரிஷேண முனிவரின் கதையை நினைவுகூருங்கள். உடன் துறவு பூண்ட நண்பர் புஷ்பதாலர் மனம் தளர்ந்து இல்லத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். வாரிஷேணர் அவரை இகழவில்லை. சங்கத்தை விட்டு விலக்கவும் இல்லை. அவரையும் அழைத்துக்கொண்டு தாம் துறந்த அரண்மனைக்கே சென்று, விட்டுவந்த செல்வத்தைக் காட்டித் தெளியவைத்தார். தளர்ந்தவரோடு தாமும் நடந்து செல்வதே ஸ்திதிகரணம்.

கல்லூரி வளாகத்தில் இதற்கு இன்று துணைக்குழு என்று பெயர். எட்டு அல்லது பத்து மாணவர்கள் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கூடுவார்கள். வருகைப் பதிவேடு இல்லை. பயிற்சி பெற்ற மூத்த மாணவர் ஒருவர் உடனிருப்பார். பேச விரும்புபவர் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். கேட்டாலன்றி அறிவுரை கூறுவதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றங்கள் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டன. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. மாணவர் தற்கொலைகளைக் கண்டு வருந்தி எழுந்த ஆணை அது.

இனி, நமக்குக் கசப்பான ஒன்றையும் கூறவேண்டும். நம் சமூகம் சிறியது. ஒரு வீட்டுச் செய்தி மறுநாள் எல்லா வீட்டிலும் பேசப்படும். மகனுக்கு உறக்கமில்லை, மகள் மருந்து உண்கிறாள் என்று தெரிந்தால் திருமணப் பேச்சு தடைப்படும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைப் பிள்ளைகள் நம் முகத்திலேயே படித்துவிடுகின்றனர். ஆகவே வாய் திறப்பதில்லை. உபகூஹனம், பிறர் குறையைத் தூற்றாது மறைத்தல், நற்காட்சியின் மற்றோர் உறுப்பு. நம்பிக் கூறப்பட்டதைக் குழுவுக்கு வெளியே கொண்டுசெல்லாமல் இருப்பது உபகூஹனம். உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தபின்னும் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கூறாதிருப்பது உபகூஹனம் ஆகாது. சக மாணவரைத் துன்புறுத்தியவரைக் குடும்பப் பெயருக்காகக் காப்பாற்றுவதும் உபகூஹனம் ஆகாது. முன்னது அறம், பின்னவை இரண்டும் ஹிம்சைக்கு உடந்தையாதல்.

நம் முன்னோர் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நான்கு தானங்களை வகுத்தனர். பழங் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்றொரு தொடர் வருகிறது. அஞ்சி ஓடி வந்தவருக்குக் காவல் அளித்த இடம் அது. இதனைச் சமணரின் அபயதானத்தோடு சேர்த்து எடுத்துக்காட்டியவர் மயிலை சீனி. வேங்கடசாமி. சமண முனிவர் வாழ்ந்த இடத்துக்குப் பள்ளி என்று பெயர். பிள்ளைகள் பயிலும் இடத்துக்கும் இன்று அதுவே பெயர். கற்குமிடமும் அஞ்சியவர் புகுமிடமும் நம் மரபில் அருகருகே இருந்தவை.

எனவே இவ்வறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்குகிறோம், அது தொடரட்டும். அதனோடு, கோவை, ஈரோடு, திருப்பூர்க் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகளுள் விருப்பமுள்ள சிலரை மனநல முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பும் செலவை நாம் ஏற்போம். அவர்கள் தொடங்கும் குழுக்கள் சமணருக்கு மட்டும் என்று இருக்கவேண்டாம். சமயமும் சாதியும் மொழியும் கேளாமல் எல்லார்க்கும் திறந்திருக்கட்டும். நம் விழா அரங்கிலும் சாய்தளம் அமையட்டும்.

இன்று மாலை இல்லம் திரும்பியதும், விடுதியிலிருக்கும் பிள்ளையைத் தொலைபேசியில் அழையுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவேண்டாம். யாரோடு உட்கார்ந்து உண்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். விடை வரத் தாமதமானால், அந்த மௌனத்தைப் பொறுமையோடு கேளுங்கள்.

அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!