ஒரே பீப்பாய் எண்ணெய் எல்லா யந்திரத்துக்கும் ஆகுமா?

(தோட்ட யந்திரத் தொழிலாளர் வகுப்பில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)



காண்டா வாளியும் பால் வெட்டும் கத்தியுமாக இருந்த தோட்டம் இன்று பாதி யந்திரத் தோட்டமாகிவிட்டது. பாலை ஆலைக்குக் கொண்டுபோகும் டிராக்டரும் லோரியும் டீசலில் ஓடுகின்றன. மின்சாரம் நின்றால் ஓடும் ஜெனரேட்டர் சில தோட்டங்களில் டீசல், சில தோட்டங்களில் பெட்ரோல். சிறிய தண்ணீர்ப் பம்பு, புல்வெட்டும் யந்திரம், சங்கிலி வாள் எல்லாம் பெரும்பாலும் பெட்ரோல். நாம் நிரைக்கு ஏறிப்போகும் கப்சாய் மோட்டார் சைக்கிளும் பெட்ரோல்தான்.

இத்தனைக்கும் ஸ்டோரில் ஐந்தாறு வகை எண்ணெய் டின்கள் அடுக்கியிருக்கும். பாதி டின்களில் எழுத்து அழிந்திருக்கும். காலை நேர அவசரத்தில் கைக்கு எட்டியதை எடுத்து ஊற்றிவிட்டுப் போவதும் நடக்கிறது. "எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெயாக வாங்கி வைத்தால் என்ன?" என்று பட்டறைத் தோழர்கள் கேட்கிறார்கள். நிர்வாகத்துக்கும் இந்த யோசனை பிடிக்கும். கணக்கு எழுதுவது சுலபமாகிவிடும். நாம் இதில் அக்கறை கொள்வதற்குக் காரணம் வேறு. எஞ்சின் இறுகி நின்றுவிட்டால், எண்ணெயை வாங்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கடைசியாக யந்திரம் யார் கையில் இருந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரே எண்ணெய் பெரும்பாலானவற்றுக்கு ஆகும் என்பதே நம் பதில். ஆனால் அதை டீசல் பக்கத்திலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்ரோல் பக்கத்திலிருந்து தேர்ந்தெடுத்தால் நஷ்டம் நிச்சயம்.

ஏன் என்று பார்ப்போம். டீசல் எஞ்சின் எரியும்போது கரி உண்டாகிறது. அந்தக் கரித்தூள் எண்ணெயில் இறங்குகிறது. அது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் எண்ணெய் கூழாகி, பேரிங்குகளைத் தின்றுவிடும். ஆகவே டீசலுக்கென்று செய்த எண்ணெயில் கரியைத் தனித்தனித் துகளாகப் பிரித்து மிதக்க வைக்கும் மருந்தும், அழுக்கைக் கழுவும் மருந்தும், எரிபொருளிலிருந்து வரும் அமிலத்தை முறிக்கும் காரமும் அதிகம் சேர்த்திருப்பார்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு இவ்வளவு மருந்து தேவையில்லை. இருந்தால், காற்றால் குளிரும் சாதாரணச் சிறு எஞ்சினுக்குக் கெடுதலும் இல்லை. மாறாக, பெட்ரோல் காருக்கென்று செய்த எண்ணெயை டிராக்டரில் ஊற்றினால் கரியைச் சுமக்க அதற்குச் சக்தி போதாது.

மலாய்க்காரத் தோழர்கள் எஞ்சின் எண்ணெயை 'மிஞாக் ஹீத்தாம்' என்பார்கள். கறுப்பு எண்ணெய் என்று பொருள். புதிய எண்ணெய் தேன் நிறத்தில்தான் இருக்கும். டீசல் எஞ்சினில் ஊற்றிச் சில மணி நேரத்திலேயே அது கறுத்துவிடும். "கலப்பட எண்ணெய், ஒரே நாளில் கறுத்துவிட்டது" என்று ஸ்டோர்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கறுத்தது என்றால் கரியைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது, வேலை செய்கிறது என்றே அர்த்தம். எண்ணெய் மாற்றும் காலத்தை நிறத்தைப் பார்த்து நிச்சயிக்கக்கூடாது, ஓடிய மணிக்கணக்கைப் பார்த்துத்தான் நிச்சயிக்க வேண்டும்.

இனி பீப்பாயின் மேல் உள்ள எழுத்துக்கு வருவோம். படத்தையும் பளபளப்பையும் விட்டுவிடுங்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. வகுத்த தர எழுத்துகள் பின்பக்கத்தில் இருக்கும். 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு, 'சி' என்று தொடங்குவது டீசலுக்கு. எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என்., எஸ்.பி. என்று பெட்ரோல் வரிசை முன்னேறுகிறது. டீசலில் சி.எச்.-4 என்பது 1998இல் வந்தது, சி.ஐ.-4 என்பது 2002இல் வந்தது, சி.கே.-4 என்பது 2016 இறுதியில் வந்தது. ஒரே பீப்பாயில் இரண்டும் இருந்தால் அந்த எண்ணெய் இரு பக்கத்துக்கும் சோதிக்கப்பட்டது. இரண்டில் எது முதலில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 'சி.ஐ.-4/எஸ்.எல்.' என்றால் முதன்மையாக டீசல் எண்ணெய், பெட்ரோலுக்கும் ஆகும்.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. கடைகளில் 'எஸ்.என்./சி.எப்.' என்று எழுதிய எண்ணெய் மலிவாகக் கிடைக்கும். 'சி'யும் இருக்கிறதே, டீசலுக்கும் ஆகும் என்று வாங்கிவிடுவார்கள். சி.எப். என்பது 1994ஆம் ஆண்டுத் தரம். அப்போதைய ஒருவகை டீசல் எஞ்சினுக்கு ஏற்பட்டது. ஏ.பி.ஐ. அதற்கு உரிமம் தருவதையே நிறுத்திவிட்டது. இன்றைய டிராக்டருக்கு அது போதாது. அதேபோல் எப்.ஏ.-4 என்று ஒரு தரம் உண்டு. புதியது என்று ஏமாந்துவிட வேண்டாம். அது சாலையில் ஓடும் சில புதிய லோரிகளுக்கென்றே செய்த மெல்லிய எண்ணெய். பழைய எஞ்சினுக்கு ஆகாது.

அடுத்தது தடிமன். 15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அந்த 15 என்ற எண், பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் எஞ்சினைச் சுழற்ற முடியுமா என்ற சோதனையைப் பற்றியது. நம் ரப்பர்த் தோட்டத்தில் அந்தக் குளிர் எங்கே இருக்கிறது? விடியற்காலையில்கூட 22, 23 பாகைக்குக் கீழே அநேகமாக இறங்குவதில்லை. ஆகவே முன் எண் சிறியதாக வேண்டும் என்று அதிக விலை கொடுப்பது வீண். பின் எண்ணான 40தான் நமக்கு முக்கியம். சூடேறிய எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதை அதுதான் சொல்லும். மதிய வெயிலில் ஓடும் காற்றுக் குளிர் எஞ்சினுக்கு அது நல்லது. புல்வெட்டியின் கையேட்டில் 10டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் பதற வேண்டாம். பக்கத்திலேயே வெப்ப அட்டவணை இருக்கும். நம் வெப்பத்துக்கு எது எது ஆகும் என்று அதில் பாருங்கள். யந்திரத்துக்கு உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை என்றால் கையேடு சொன்னதைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

அளவையும் யோசியுங்கள். ஒரு நடுத்தர டிராக்டர் ஒருமுறைக்கு ஏழெட்டு லிட்டர் கேட்கும். பம்பு எஞ்சின் அரை லிட்டருக்குச் சற்று மேல். கையில் பிடிக்கும் நான்கு வீச்சுப் புல்வெட்டிக்கு 100 மில்லி போதும். ஒரு காப்பிக் குவளையில் பாதிகூட வராது. 200 லிட்டர் பீப்பாயில் பெரும்பகுதியைக் குடிப்பவன் டீசல்காரன். அவனுக்குப் பொருந்துவதை வாங்கி மற்றவர்க்கும் கொடுப்பதுதான் நியாயம். நம் சிபாரிசு இது: சி.ஐ.-4 அல்லது அதற்கு மேற்பட்டது, கூடவே ஓர் எஸ் எழுத்து, தடிமன் 15டபிள்யூ-40. புகைவடிகட்டி பொருத்திய புதிய டீசல் எஞ்சின் தோட்டத்தில் இருந்தால் சி.கே.-4தான் வாங்க வேண்டும். பழைய தர எண்ணெயின் சாம்பல் அந்த வடிகட்டியை அடைத்துவிடும்.

இந்தப் பீப்பாய்ப் பக்கமே வரக்கூடாத யந்திரங்களும் உண்டு. முதலாவது, இரண்டு வீச்சு எஞ்சின்: சங்கிலி வாள், முதுகுப் புல்வெட்டிகளில் பல. இதில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும். டீசல் எண்ணெயிலுள்ள மருந்து எரிந்தால் சாம்பலாகி பிளக்கிலும் பிஸ்டனிலும் ஒட்டும். இதற்குத் தனி 2டி எண்ணெய்தான். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி; 25க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவு வேண்டாம், அளவுக் குப்பி வாங்கித் தரச்சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, நம் கப்சாய். அதில் கிளச்சும் அதே எண்ணெயில் நனைந்து ஓடுகிறது. வழுக்கும் மருந்து சேர்த்த எண்ணெயை ஊற்றினால் கிளச் வழுக்கும்; மேட்டில் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. ஜப்பானியரின் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற முத்திரை இருந்தால் ஊற்றலாம். சில டீசல் எண்ணெய்களிலும் அந்த முத்திரை உண்டு, இல்லாவிட்டால் தொடாதீர்கள். மூன்றாவது, அலுவலகத்துப் பெட்ரோல் கார். அதன் புகைக்குழாயில் உள்ள சுத்திகரிப்பானை டீசல் எண்ணெயில் அதிகமுள்ள பாஸ்பரஸ் நாளடைவில் கெடுத்துவிடும். துரையின் காரைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிரிக்கிறீர்கள். பழி டிரைவர் தோழர் தலையில்தானே விழும்!

ஒரு வார்த்தை அளவுக் கம்பியைப் பற்றி. சிறந்த எண்ணெயும் குறைந்துபோனால் எஞ்சினைக் காப்பாற்றாது. மேட்டுத் தோட்டங்களில் பம்பையும் ஜெனரேட்டரையும் சாய்வில் வைத்து ஓட்டுகிறோம். உள்ளே எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினால் மறுபக்கம் காய்கிறது. மண்ணை வெட்டிச் சமமாக்கி வைக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சமதளத்தில் கம்பியைப் பார்க்க வேண்டும். இதற்குக் காலையில் ஐந்து நிமிஷம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிஷமும் வேலை நேரம்தான். பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் வந்து பார் என்று சொன்னால் நாம் ஒப்பக்கூடாது.

எண்ணெயை மாற்றும் முடிவை நிர்வாகம் எடுத்தால் அதை எழுத்தில் கேளுங்கள். எந்த எண்ணெய், எந்தெந்த யந்திரத்துக்கு, எந்தத் தேதி முதல் என்று ஒரு தாள், பட்டறைச் சுவரில் ஒரு நகல். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் தேதி, மணிக்கணக்கு, ஊற்றியவர் பெயர் மூன்றையும் புத்தகத்தில் எழுதுங்கள். கெட்டுப்போன எஞ்சினுக்காகக் கூலியில் கைவைக்க வந்தால், தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு இருக்கிறது. கூலியில் எதை எதைப் பிடிக்கலாம் என்று அது வரையறுத்திருக்கிறது. முதலாளியின் இஷ்டத்துக்கு விடவில்லை. பிடித்த பிறகு புலம்பாமல், பிடிப்பதாகச் சொன்ன அன்றே புத்தகத்தோடு கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

வடித்த பழைய எண்ணெயை லயத்துச் சாக்கடையில் ஊற்றுவதும், கறையானுக்கென்று வேலிக் கம்பங்களில் பூசுவதும் நம்மிடையே பழக்கம். 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அது அட்டவணைக் கழிவு, எண் எஸ்.டபிள்யூ. 305. மூடிய பீப்பாயில் பெயரெழுதி வைத்து, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. ஊற்றச் சொல்லி யாரேனும் உத்தரவிட்டால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் ஸ்டோரில் இருக்கும் ஒவ்வொரு டின்னின் பின்பக்க எழுத்தையும், உங்கள் யந்திரக் கையேட்டின் எண்ணெய்ப் பக்கத்தையும் எழுதியோ படமெடுத்தோ கொண்டு வாருங்கள். கையேடு அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்றால் கிராணியிடம் கேட்டு வாங்குங்கள். தோட்டம் தோட்டமாக உட்கார்ந்து பார்த்து, எந்த யந்திரத்துக்கு எது என்று அங்கேயே எழுதித் தருகிறோம்.