ஓர் ஏக்கர் நிலம் வாங்கும் முன்

பட்டணத்தை ஒட்டிய தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியிருக்கும் நம்மவர் பலருடைய உள்ளத்தில் ஓர் ஆசை இருந்துகொண்டே இருக்கிறது. ஊருக்குச் சற்று வெளியே ஓர் ஏக்கர் நிலம் வாங்கி, அதில் அளவான வீடு ஒன்று கட்டி, நாலு தென்னை, பத்து வாழை வைத்து, கோழி வளர்த்து நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதே அந்த ஆசை. தோட்டத்து வீட்டிலிருந்து ஓய்வு பெற்று வெளியேற வேண்டியவர்களுக்கும் இதே எண்ணம் உண்டு. இந்த ஆசை நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதை நிறைவேற்றப் புறப்படுகிறவர் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

நம்மவருக்கு நிலத்தின் மீதுள்ள ஆசைக்குக் காரணம் இருக்கிறது. மூன்று தலைமுறைகளாக நாம் மண்ணில் உழைத்தோம்; ஆனால் அந்த மண் நமக்குச் சொந்தமாக இருக்கவில்லை. 1950ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும் என்பதை நம் பெற்றோர் கண்ணால் கண்டார்கள். அந்த நிலையில்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தைக் கொண்டு கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தை அச்சங்கம் முதலாவதாக வாங்கியது. தனி ஒருவரால் முடியாததைப் பலர் சேர்ந்து முறையாகச் செய்தால் முடியும் என்பதற்கு அது சான்று. ‘முறையாக’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இன்றைய பேச்சின் உயிர்.

முதலில் ஓர் ஏக்கர் என்றால் எவ்வளவு என்று பார்ப்போம். 43,560 சதுர அடி. ஹெக்டர் கணக்கில் 0.4க்குச் சற்றுக் கூடுதல். தாமானில் இருபதடி அகல வீட்டில் வாழ்ந்தவருக்கு இது கடல் போலத் தோன்றும். வருமானத்துக்கு இது போதுமா? கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 57 செம்பனை மரங்கள் நடலாம். நட்ட இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகே குலை வெட்ட முடியும். மரம் முழு வயதுக்கு வந்து, உரமும் பராமரிப்பும் குறையாமல் இருந்தால், ஆண்டுக்கு எட்டு டன் கிடைக்கலாம். டன் 700 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,600 வெள்ளி. மாதத்துக்கு 470 வெள்ளிகூட இல்லை. அதிலும் உரம், வெட்டுக்கூலி, வண்டிக்கூலி கழிய வேண்டும். அதோடு குலைகளை விற்க மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமமும் வேண்டும். ஆகவே ஓர் ஏக்கர் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது. குடும்பத்தின் சமையல் செலவைத்தான் குறைக்கும். கருவேப்பிலை, முருங்கை, மரவள்ளி, வாழை, கத்தரி, பத்துக் கோழி என்று வைத்தால் கறிச் செலவு மிச்சமாகும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் ஏமாற மாட்டார். வேலையை விட்டுவிட்டு நிலத்தை நம்பிப் போகிறவர்தான் திண்டாடுவார்.

அடுத்தது தாள். நிலத்தைக் காலால் நடந்து பார்ப்பதற்கு முன், அதன் தாளைக் கண்ணால் பார்க்க வேண்டும். நான் சொல்லும் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கு உரிய 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம். சபாவிலும் சரவாக்கிலும் வேறு சட்டங்கள் உள்ளன.

இந்தச் சட்டத்தின்படி, நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நிலத்தின் சொந்தக்காரர். எத்தனை ஆண்டுகள் குடியிருந்தோம், எத்தனை மரம் நட்டோம் என்பதெல்லாம் உரிமை ஆகாது. அரசாங்க நிலத்தில் எவ்வளவு காலம் வாழ்ந்தாலும் அதனால் பட்டா உரிமை கிடைக்காது என்று அச்சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆற்றோரத்திலும் இரயில் பாதையோரத்திலும் வீடு கட்டியவர்கள் பின்னாளில் அகற்றப்பட்டதற்கு இதுவே காரணம். ‘டி.ஓ.எல்.’ என்று சொல்லப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தையும் சிலர் விற்கிறார்கள். அந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். அதற்குப் பணம் கொடுப்பது காற்றுக்குப் பணம் கொடுப்பதாகும்.

பட்டாவில் ஐந்து செய்திகளைப் பாருங்கள். ஒன்று, சொந்தக்காரர் பெயர். விற்கிறவரும் அவரும் ஒருவரா? இரண்டு, நிலம் நிரந்தர உரிமையுடையதா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டுகள் மிச்சம்? மூன்று, நிலத்தின் வகை. ‘பெர்த்தானியான்’ என்றிருந்தால் அது விவசாய நிலம். சொந்தக்காரர் குடியிருக்க அதில் வீடு கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் கட்டடப் படத்துக்கு ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். நான்கு, நிலம் மலாய் ஒதுக்கீட்டைச் சேர்ந்ததா? அப்படியானால் அது நம் பெயருக்கு மாறாது. வேறொருவர் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஐந்து, நிலத்தின் மீது வங்கிக் கடனோ தடை மனுவோ பதிவாகியிருக்கிறதா?

இவற்றையெல்லாம் விற்பவர் நீட்டும் நகலில் பார்த்தால் போதாது. பட்டா எண்ணைக் கொண்டு நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து, சான்றிதழ் வாங்கிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் கட்டணம் மிகச் சிறியது. அது காப்பாற்றும் பணமோ ஒருவருடைய வாழ்நாள் சேமிப்பு.

குடியுரிமை பற்றியும் ஒரு வார்த்தை. குடியுரிமை இல்லாதவர் நிலம் வாங்க மாநில அரசின் முன் அனுமதி தேவை. வீட்டில் பெரியவர் ஒருவர் இன்னும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தால், யார் பெயரில் வாங்குவது என்பதை முன்கூட்டியே வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்பொழுது நம்மவர் அதிகமாக மாட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். ஓர் ஏக்கர் விவசாய நிலத்தைக் காகிதத்தில் எட்டுத் துண்டாகக் கோடு போட்டு, “துண்டு நாற்பதாயிரம் வெள்ளி, பங்களா கட்டலாம்” என்று விற்பார்கள். விவசாய நிலத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டும் பொதுவாக ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக்கூடாது. அது ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆகவே அந்த எட்டுத் துண்டுக்கும் தனித்தனிப் பட்டா வராது. எட்டுப் பேரின் பெயரும் ஒரே பட்டாவில் எட்டில் ஒரு பங்கு என்று ஏறும். சில சமயம் அதுவும் ஏறாமல் வெறும் ஒப்பந்தத் தாளோடு நின்றுவிடும்.

பங்குதான் இருக்கிறதே, அதில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். “இந்த மூலை என்னுடையது” என்று சொல்லப் பட்டாவில் எந்தக் கோடும் இல்லை என்பதுதான் கெடுதல். வங்கியில் வீட்டுக் கடன் கிடைப்பது கடினம். எட்டுப் பேரில் ஒருவர் நிலவரி கட்ட மறுத்தாலும் நோட்டீஸ் முழு நிலத்துக்கும் வரும். ஒருவர் இறந்தால் அவருடைய பிள்ளைகள் அனைவரும் பங்காளிகள் ஆவார்கள். இன்று அண்ணன் தம்பி போல வாங்கியவர்களின் பிள்ளைகள் நாளை நீதிமன்றத்தில் நிற்பார்கள். கூட்டாக வாங்கியே தீரவேண்டும் என்றால் பேர் குறைவாக இருக்கட்டும்; அவர்களுக்குள் இருக்கும் உடன்பாட்டை வழக்கறிஞர் எழுதித் தரட்டும்.

பணம் கொடுக்கும் முறைக்கு வருவோம். முன்பணத்தை விற்பவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரை வைத்து, அவர் மூலமாகக் கொடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் உங்கள் பெயரில் தடை மனு பதிவு செய்யச் சொல்லுங்கள்; இடையில் நிலம் வேறொருவர் கைக்கு மாறாமல் அது காக்கும். கடைசியில் ‘14ஏ’ என்ற பாரத்தின் வழியாகப் பெயர் மாற்றம் பதிவாக வேண்டும். அது பதிவான பிறகே நிலம் உங்களுடையது. முத்திரைத் தீர்வையையும் கணக்கில் சேருங்கள். குடிமக்களுக்கு முதல் 1 இலட்சம் வெள்ளிக்கு நூற்றுக்கு 1. அதற்கு மேல் 5 இலட்சம் வரை நூற்றுக்கு 2. 1,50,000 வெள்ளி நிலத்துக்குத் தீர்வை மட்டும் 2,000 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் தனி.

வாங்கியபின் நிலவரியை மறக்காதீர்கள். ஜூன் மாதம் பிறக்குமுன் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு, நோட்டீஸ் வந்தும் அசட்டையாக இருந்தால், நிலம் அரசாங்கத்துக்கே திரும்பிவிடும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய நிலத்தைச் சிறு வரிக்காக இழப்பது எவ்வளவு கொடுமை!

தாள் சரி என்றால், இனி நிலத்துக்குப் போகலாம். ஒருமுறை போனால் போதாது. பெருமழை பெய்த மறுநாள் போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மரத்தண்டுகளில் சேற்றுக் கோடு இருந்தால் அதுவரை வெள்ளம் வந்திருக்கிறது என்று பொருள். வறண்ட மாதத்தில் ஒருமுறை போய், பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். சிலாங்கூர், ஜொகூர் கடற்கரைப் பகுதிகளில் கரிய மக்கு மண் உண்டு. அது ஆண்டுதோறும் இறங்கும் மண். அதில் வீடு கட்டினால் அடித்தூண் இறக்கும் செலவே பாதி வீட்டை விழுங்கும்.

பாதையைப் பாருங்கள். பெரிய சாலையிலிருந்து நிலத்துக்கு வரும் வழி யாருடையது? அடுத்தவர் நிலத்தின் வழியாக அவர் தயவில் வருவதென்றால், அவர் வேலி போட்ட நாளில் வீடு சிறைச்சாலை ஆகிவிடும். மின்கம்பம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, குழாய்த் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று விசாரியுங்கள். தூரம் கூடக் கூடச் செலவும் கூடும். கிணறு தோண்டினால் மலக்குழி அதிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் இருக்க வேண்டும். புதரைச் சுத்தம் செய்ததும் நெருப்பு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். அதோடு வெட்டிய தழையை மக்கவிட்டால் நல்ல உரம்.

கடைசியாக வீட்டு மனிதர்களைப் பற்றி. நிலம் வாங்கும் முடிவைப் பெரும்பாலும் ஆண்களே எடுக்கிறார்கள். ஆனால் அங்கே பகல் முழுவதும் இருக்கப்போகிறவர் வீட்டு அம்மா. பக்கத்தில் குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் ஆள் உண்டா? பாட்டிக்கு இரவில் மூச்சு முட்டினால் மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்? பள்ளி எவ்வளவு தூரம், பள்ளி வேன் அங்கே வருமா? நான் ஆசிரியர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து தூங்கி வழிந்துகொண்டு வகுப்புக்கு வரும் பிள்ளையின் படிப்பை எந்தத் தென்னந்தோப்பும் ஈடு செய்யாது. பிள்ளைகள் படிப்பை முடிக்கும் வரை தாமான் வீட்டிலேயே இருந்து, நிலத்தை வாங்கி வேலி போட்டு, மரத்தை மட்டும் வளர்த்துவரும் குடும்பங்கள் உண்டு. அதுவும் நல்ல வழிதான். மரம் வளர ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் பிள்ளைகளும் படித்து முடிப்பார்கள்.

நேயர்களே, ஊழியர் சேமநிதிப் பணம் வாழ்க்கையில் ஒருமுறைதான் மொத்தமாகக் கைக்கு வருகிறது. அது வரும் நாளை நமக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். “இன்றே முன்பணம் கட்டாவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்” என்று அவர்கள் அவசரப்படுத்துவார்கள். வேறொருவர் வாங்கினால் வாங்கட்டும்; நிலம் இன்னும் இருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பெரியோர் வாக்கு. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து இன்று சொன்னவற்றை வரிசையாக எழுதுங்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளையை நில அலுவலகத்துக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றாக விசாரித்துக் கோடு போடுங்கள். எல்லாவற்றுக்கும் கோடு விழுந்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

பட்டாவில் உங்கள் பெயர் ஏறிய பிறகு நடும் முதல் தென்னம்பிள்ளை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் இளநீர் தரும்.